பெருந்தொற்றும் நாட்பட்ட நோயாளரும்: நெருக்கடிக்காலச் சிகிச்சைத் தெரிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நோயாளர் பலராகவும் அவர்களைக் காப்பதற்குரிய சாதனங்கள் சிலவாகவும் இருக்கும்பொழுது யாருக்கு முதலிற் சிகிச்சை அளிப்பது என்ற வினா எழுகின்றது. மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்கு இது மருத்துவர் தம் அறிவினால் விடைகாண வேண்டிய தொழில்நுட்ப வினாவாகவே தோன்றும். ஆயின், ஒருவரைத் தெரிவுசெய்தல் இன்னொருவரை விலக்குதலாகவும் அமைவதனால், எந்த உயிர் எந்த அளவிற்குக் காக்கத்தக்கது என்பது பற்றிச் சமூகம் கொண்டுள்ள கருத்தும் அவ்விடையினுள் வந்து புகுந்துவிடுகின்றது. இவ்வாறு புகும் கருத்துப் பெரும்பாலும் வெளிப்படையாகக் கூறப்படுவதில்லை. ஒரு புள்ளித்திட்டமாகவோ படிவத்திலுள்ள ஒரு கட்டமாகவோ அது உருமாறி நிற்கும். 2020ஆம் ஆண்டிற் கொவிட்-19 பெருந்தொற்றுப் பரவியபோது நாட்பட்ட நோயுடையோரும் உடற்குறைபாடுடையோரும் கொண்ட அச்சம் இத்தகைய புள்ளித்திட்டங்களிலிருந்தே பிறந்தது. அவ்வச்சத்தின் வரலாற்று வேர்களையும், அதற்கு மருத்துவமும் சட்டமும் அளித்த விடைகளையும் ஆராய்வது இன்றும் பயனுடையதாகும்.

நோயாளரைத் தரம்பிரித்துச் சிகிச்சையளிக்கும் முறை போர்க்களத்திலே தோன்றியது. அதனைக் குறிக்க உலகெங்கும் வழங்கும் ‘திரியாஜ்’ என்ற சொல், பிரித்தெடுத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையடியாகப் பிறந்தது. நெப்போலியனின் படையிற் சத்திரசிகிச்சை வைத்தியராக விளங்கிய டொமினிக் ஜீன் லாரே (1766–1842) இம்முறையின் முன்னோடியாகக் கொள்ளப்படுகின்றார். பதவியையோ பட்டத்தையோ நோக்காது, காயத்தின் கடுமை ஒன்றனையே நோக்கி, மிகக் கடுமையாகக் காயமுற்றோருக்கு முதலிற் சிகிச்சையளிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த நெறியாகும். படைத்தலைவனுக்குப் பின்னரே படைவீரன் என்ற வழமை நிலவிய காலத்தில் இது ஒரு சமத்துவ நெறியாக அமைந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், இந்நெறி தோன்றிய சூழல் கவனத்திற் கொள்ளத்தக்கது. போர்க்களத்திலே கிடந்தவர்கள் பெரும்பாலும் உடல்வலிமை கருதிப் படையிற் சேர்த்துக்கொள்ளப்பட்ட இளைஞர்களாவர். நாட்பட்ட நோயாளர் அக்களத்துக்கு வருமுன்னரே கழிக்கப்பட்டுவிட்டனர். எனவே, நீண்டகால நோயுடைய ஒருவரை அவசரவேளையில் எவ்வாறு நிறுப்பது என்ற வினாவை லாரேயின் நெறி எதிர்நோக்க வேண்டியிருக்கவில்லை. போர்க்களத்து முறை பொதுமக்களின் வைத்தியசாலைக்குள் வந்த பின்னரே அவ்வினா எழுந்தது.

இவ்வகையில் 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனிற் பரவிய இளம்பிள்ளைவாத நோய் ஒரு திருப்புமுனையாகும். அந்நகரின் தொற்றுநோய் வைத்தியசாலையான பிளெக்டாம் வைத்தியசாலைக்கு, நோய் உச்சமடைந்த வேளையில், நாளொன்றுக்கு ஐம்பது நோயாளர் வரை கொண்டுவரப்பட்டனர். அவர்களுட் பலருக்குச் சுவாசத் தசைகள் செயலிழந்திருந்தன. வைத்தியசாலையிலோ பெட்டி வடிவான செயற்கைச் சுவாசக் கருவி ஒன்றும், மார்பிற் கவசம்போல் அணிவிக்கும் கருவிகள் ஆறுமே இருந்தன. முதல் மூன்று வாரங்களில் இக்கருவிகளின் உதவியுடன் சிகிச்சைபெற்ற 31 பேருள் 27 பேர் இறந்தனர். யாரைக் கருவியிற் சேர்ப்பது, யாரை விடுவது என்ற தெரிவு அங்கு தலைமை வைத்தியராக இருந்த லாசென் என்பவர் முன் வந்து நின்றது.

இந்நிலையில் பியோன் இப்சென் என்ற மயக்கமருந்து வைத்தியர் ஆலோசனைக்கு அழைக்கப்பட்டார். சத்திரசிகிச்சைக் கூடத்திற் கையாளப்பட்டுவந்த முறையைத் தொற்றுநோய் விடுதிக்குக் கொண்டுவருமாறு அவர் கூறினார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, இறப்பர்ப் பையொன்றைக் கையினால் அமுக்கி நுரையீரலுக்குக் காற்றுச் செலுத்துவதே அம்முறையாகும். 1952 ஆகஸ்ட் 27ஆம் திகதி, இறக்கும் தறுவாயிலிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் அது பரீட்சிக்கப்பட்டு வெற்றிகண்டது. ஆனால் கையினால் அமுக்குவதற்குக் கைகள் வேண்டும். ஒரே வேளையில் எழுபது பேர் வரை இவ்வாறு சுவாசிக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவரும் பல்மருத்துவ மாணவருமாக ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்து இரவுபகலாகப் படுக்கையருகில் அமர்ந்து பையை அமுக்கினர். இறப்புவீதம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. 1953ஆம் ஆண்டின் இறுதியில் இப்சென் அந்நகரின் மற்றொரு வைத்தியசாலையில் அமைத்த பிரிவே இன்று நாம் காணும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு முன்மாதிரியாயிற்று.

கொப்பன்ஹேகன் நிகழ்ச்சியிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, பற்றாக்குறை என்பது இயற்கையாக அமைந்த மாறா நிலையன்று என்பதாகும். ஏழு கருவிகளே உள்ளன என்ற அளவில் சிந்தனை நின்றிருப்பின், தெரிவுசெய்தல் எவ்வாறு என்பதே அன்றைய வாதப்பொருளாக இருந்திருக்கும். மாறாக, தெரிவே வேண்டாத நிலையை உருவாக்கும் முயற்சி அங்கு மேற்கொள்ளப்பட்டது. இரண்டாவது, அவசர சிகிச்சையே நாட்பட்ட நோயாளரை உருவாக்குகின்றது என்பதாகும். உயிர்தப்பியவருள் ஒரு பகுதியினர் தாமாகச் சுவாசிக்கும் ஆற்றலை மீளப்பெறவில்லை. முதன்முதலிற் காப்பாற்றப்பட்ட அச்சிறுமியும் செயற்கைச் சுவாசத்தின் துணையுடனேயே 1971 வரை வாழ்ந்தாள். ஒரு நெருக்கடியில் உயிரளித்த கருவி பின்னர் சிலருக்கு அன்றாட வாழ்வின் அங்கமாயிற்று. அடுத்த நெருக்கடி வரும்பொழுது அக்கருவி யாருக்குரியது என்ற வினாவிற்கு இங்கேயே வித்திடப்பட்டது எனலாம்.

பத்தாண்டுகளுக்குள் இதே வினா வேறொரு வடிவத்தில் ஐக்கிய அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எழுந்தது. இது தொற்றுநோய் சார்ந்ததன்று. எனினும், நாட்பட்ட நோயாளரைத் தெரிவுசெய்யும் வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு. 1960இல் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற வைத்தியர், நோயாளியின் கையிலுள்ள நாடியையும் நாளத்தையும் நிலையாக இணைக்கும் ஒரு குழாயை அமைத்தார். அதனால், அதுவரை குறுகிய காலத்துக்கே பயன்பட்ட இரத்தச் சுத்திகரிப்பு, சிறுநீரகம் செயலிழந்தோரை ஆண்டுக்கணக்கில் வாழவைக்கும் சிகிச்சையாக மாறியது. 1962இல் சியாட்டிலில் அதற்கெனத் தனி நிலையம் திறக்கப்பட்டது. இடங்களோ மிகச் சில; வேண்டியவர் மிகப் பலர். மருத்துவர் குழுவொன்று முதலில் தகுதியுடையோரைப் பிரித்தெடுத்தது. எஞ்சியோருள் யாரை ஏற்பது என்ற முடிவு, பொதுமக்கள் எழுவரைக் கொண்ட ஒரு குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. வழக்கறிஞர், மதகுரு, வங்கியாளர், குடும்பப்பெண், அரசாங்க அலுவலர், தொழிலாளர் தலைவர், சத்திரசிகிச்சை வைத்தியர் ஆகியோர் அதில் அங்கம் வகித்தனர்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரும் சிறுவரும் முதலிலேயே விலக்கப்பட்டனர். ஏனையோரின் வயது, பால், மணநிலை, தங்கிவாழ்வோர் தொகை, வருமானம், கல்வி, தொழில், உளவுறுதி, கடந்தகாலச் சாதனை, எதிர்காலப் பயன் என்பன கருத்திற் கொள்ளப்பட்டன. 1962 நவம்பரில் ‘லைஃப்’ சஞ்சிகையில் ஷானா அலெக்சாண்டர் எழுதிய கட்டுரை இக்குழுவின் செயற்பாட்டை உலகறியச் செய்தது. குழுவினர் கொடியவர் அல்லர். ஊதியமின்றி, மிகுந்த மனவருத்தத்துடன் அப்பணியைச் செய்தவர். ஆயினும், தம்மைப் போன்ற நடுத்தர வர்க்கத்தினரின் வாழ்க்கையையே பெறுமதிமிக்க வாழ்க்கையாக அவர்கள் கருதினர் என்ற குற்றச்சாட்டு அந்தத் தசாப்தத்திலேயே எழுந்தது. நல்லெண்ணம் மட்டும் நீதியை உறுதிசெய்யாது என்பதற்கு இக்குழு ஒரு சான்றாயிற்று. 1972 ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்கா சிறுநீரகச் செயலிழப்புக்கான சிகிச்சைச் செலவை, வயது வேறுபாடின்றி ஏறத்தாழ எல்லாருக்கும், அரசே பொறுப்பேற்கும் சட்டத்தை நிறைவேற்றியது. கொப்பன்ஹேகனில் மாணவரின் கைகள் செய்த வேலையை இங்குப் பொதுப்பணம் செய்தது. எனினும், மதிப்பிடும் பழக்கம் மறைந்துவிடவில்லை.

பிற்காலத்தில் அப்பழக்கம் எண்களின் வடிவைப் பெற்றது. 1996இல் வெளியிடப்பட்ட உறுப்புச் செயலிழப்பு மதிப்பீட்டு முறை, ஆறு உறுப்புத் தொகுதிகளுக்குத் தலைக்கு 0 முதல் 4 வரை புள்ளியிட்டு, 24 வரையான கூட்டுத்தொகையாற் கடும்நோயின் அளவைக் காட்டியது. அது நோயின் போக்கை விவரிப்பதற்காகவே வகுக்கப்பட்டது. ஆனால், 2003இல் சார்ஸ் நோயினாற் பாதிக்கப்பட்ட கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்கென 2006இல் வெளியிடப்பட்ட இன்புளுவென்சாப் பெருந்தொற்றுத் திட்டத்தில், அதே முறை நோயாளரைத் தெரிவுசெய்யும் கருவியாயிற்று. அத்துடன், சில நாட்பட்ட நோய்களின் முற்றிய நிலையில் உள்ளோரை அதிதீவிர சிகிச்சையிலிருந்து முற்றாக விலக்கும் பட்டியலும் அதில் இடம்பெற்றது. பின்னர் வேறிடங்களிலும் இத்தகைய திட்டங்கள் வரையப்பட்டன. நோயை விவரிக்கும் எண் நோயாளரை விலக்கும் எண்ணாக மாறிய இம்மாற்றம் பொதுமக்களின் கவனத்தை அன்று ஈர்க்கவில்லை. திட்டங்கள் கோப்புகளில் உறங்கின.

2020இல் அவை விழித்தெழுந்தன. மார்ச் 11ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19 நோயைப் பெருந்தொற்று எனக் குறிப்பிட்டது. அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னரே இத்தாலியின் மயக்கமருந்து, தீவிர சிகிச்சை வைத்தியர் சங்கம் பதினைந்து பரிந்துரைகளைக் கொண்ட ஆவணமொன்றை வெளியிட்டிருந்தது. சாதனங்கள் முற்றாகப் போதாதவிடத்து, முதலில் வந்தவருக்கு முதலிடம் என்ற வழமையைக் கைவிட்டு, கூடிய காலம் உயிர்வாழும் வாய்ப்புடையோருக்கு முன்னுரிமை அளிக்கலாம் என்றும், வயதெல்லை ஒன்றை விதிக்க நேரலாம் என்றும், ஏலவே உள்ள நோய்களையும் உடலின் செயல்நிலையையும் கவனிக்க வேண்டும் என்றும் அது கூறியது. லொம்பார்டியின் வைத்தியசாலைகளில் தனித்து நின்று முடிவெடுத்த வைத்தியரின் சுமையைக் குறைப்பதும், முடிவுகளுக்கான காரணங்களை வெளிப்படையாக்குவதும் தமது நோக்கம் என அதன் ஆசிரியர்கள் விளக்கினர். அந்நோக்கம் மதிக்கத்தக்கதே. ஆயினும், நாட்பட்ட நோயுடையோர் அதனை வேறுவிதமாகப் படித்தனர்.

பிரித்தானியாவில் இம்முரண்பாடு மேலும் தெளிவாக வெளிப்பட்டது. மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் தேசிய நிறுவனம் 2020 மார்ச் 20ஆம் திகதி வெளியிட்ட வழிகாட்டி, வைத்தியசாலைக்கு வரும் வளர்ந்தோரை உடற்றளர்ச்சி அளவுகோலால் மதிப்பிடுமாறு கூறியது. கனடாவின் டல்ஹவுசிப் பல்கலைக்கழகத்திலே தோன்றிய இவ்வளவுகோல், முதியோரின் தளர்ச்சியை மதிப்பிடுவதற்காக அமைக்கப்பட்டது. அன்றாட வேலைகளுக்குப் பிறர் துணையை எவ்வளவு வேண்டுகின்றார் என்பதே அதன் அடிப்படை. எண்பது வயது முதியவர் உடையணியப் பிறர் துணையை வேண்டுதல் உடல் நலிவின் அறிகுறியாகலாம். பிறவியிலிருந்தே துணைவேண்டும் இருபது வயது இளைஞனிடத்து அது அவ்வாறு எதனையும் உணர்த்தாது. இவ்வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி உடற்குறைபாடுடையோரின் அமைப்புகளும் குடும்பத்தவரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஐந்தே நாட்களில், மார்ச் 25ஆம் திகதி, வழிகாட்டி திருத்தப்பட்டது. இளவயதினர், நிலையான நீண்டகாலக் குறைபாடுடையோர், கற்றற் குறைபாடுடையோர், ஓட்டிசம் உடையோர் ஆகியோருக்கு அவ்வளவுகோலைப் பயன்படுத்தலாகாது எனச் சேர்க்கப்பட்டது. நெருக்கடியின் நடுவிலும் தவறைத் திருத்த ஐந்து நாட்கள் போதுமாயின என்பது, அவசரம் என்ற காரணம் காட்டி ஆலோசனையைத் தவிர்ப்போர்க்கு ஒரு மறுமொழியாகும்.

ஐக்கிய அமெரிக்காவிலும் இத்தகைய போராட்டம் நிகழ்ந்தது. கடுமையான அறிவுவளர்ச்சிக் குறைபாடுடையோருக்குச் சுவாசக் கருவி மறுக்கப்படலாம் எனக் கூறிய அலபாமா மாநிலத்தின் 2010ஆம் ஆண்டு ஆவணம், மத்திய அரசின் குடியுரிமைப் பிரிவு தலையிட்டதன் பின் 2020 ஏப்ரலிற் கைவிடப்பட்டது. நியூயோர்க் மாநிலத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டியோ இன்னும் நுண்ணிய சிக்கலைக் கொண்டிருந்தது. வீட்டில் நிரந்தரமாகச் சுவாசக் கருவியைப் பயன்படுத்தும் ஒருவர், பெருந்தொற்றுக் காலத்தில் வைத்தியசாலைக்கு வந்தால், ஏனையோரைப் போலவே அவரும் மதிப்பிடப்படுவார். புள்ளிகள் போதாவிடின் அவருடைய கருவி வேறொருவருக்கு அளிக்கப்படவும் இடமிருந்தது. எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளப்பதே சமத்துவம் என்ற வாதம் இங்கு தன் எல்லையைக் காண்கின்றது. மற்றையோருக்கு அக்கருவி ஒரு சிகிச்சை. அவருக்கோ அது நுரையீரலின் இடத்தில் நிற்பது. கருவியை இழப்போம் என்ற அச்சத்தினால் வைத்தியசாலைக்குச் செல்லாதிருப்பதா, சென்று அதனை இழப்பதா என்ற நிலைக்கு அத்தகையோர் தள்ளப்பட்டனர்.

இவ்விடத்து எதிர்வாதத்தையும் நோக்குதல் வேண்டும். நாட்பட்ட நோய் எதனையும் கவனிக்கவே கூடாது எனின், அது மருத்துவ அறிவையே மறுப்பதாகும். முற்றிய இதயநோயுடைய ஒருவர் பல வாரச் செயற்கைச் சுவாசத்தைத் தாங்கமாட்டார் என ஒரு வைத்தியர் கூறுவது மெய்யான மதிப்பீடாக இருக்கலாம். பிழைக்கமாட்டாத ஒருவருக்குக் கருவியை அளித்து, பிழைக்கக்கூடிய ஒருவரை இழப்பது கருணையுமன்று. எனவே, நாட்பட்ட நோயை நிறுக்கலாமா என்று பொதுப்படக் கேட்பதிற் பயனில்லை; எதற்காக நிறுக்கப்படுகின்றது என்று கேட்பதே பொருத்தமாகும். இந்நோயிலிருந்து இப்பொழுது பிழைப்பாரா என்பதை அறிய நிறுத்தல் ஒன்று. பிழைத்தபின் எத்தனை ஆண்டு வாழ்வார் என்பதை அறிய நிறுத்தல் இன்னொன்று. அவ்வாழ்வு எத்தகையதாக இருக்கும் என்பதை மதிப்பிட நிறுத்தல் மூன்றாவது. முதலாவது மருத்துவருக்குரியது. மூன்றாவது சியாட்டில் குழுவின் வழிவந்தது. இரண்டாவதே பெரும் வாதத்துக்குரியது.

எஞ்சிய ஆண்டுகளைக் கணக்கிடுதல் முதற்பார்வைக்கு நடுநிலையானதாகத் தோன்றும். ஆனால், நீரிழிவும் சிறுநீரக நோயும் உயர் இரத்த அழுத்தமும் மக்களிடையே சமமாகப் பரவியிருப்பவை அல்ல. வறுமை, நெருக்கமான குடியிருப்பு, தொழிலின் கடுமை, சிகிச்சைக்கு வழியின்மை என்பவை அவற்றைத் தோற்றுவிக்கின்றன அல்லது முற்றச் செய்கின்றன. ஐக்கிய அமெரிக்காவிற் கறுப்பின மக்களிடையே இந்நோய்கள் மிகுந்து காணப்படுவது நெடுங்காலமாக அறியப்பட்டதே. அந்நோய்களுக்காகப் புள்ளி குறைப்பின், ஒருமுறை சமூகத்தால் வஞ்சிக்கப்பட்டவர் மறுமுறை அவ்வஞ்சனையின் விளைவையே காரணமாகக் காட்டி விலக்கப்படுகின்றார். மசாச்சூசெற்ஸ் மாநிலம் 2020 ஏப்ரலில் வெளியிட்ட விதிகள் இக்காரணத்தாலேயே கண்டிக்கப்பட்டு, அம்மாதத்திலேயே திருத்தப்பட்டன. புள்ளியிடும் முறையிலும் இக்குறை உண்டு. நாட்பட்ட சிறுநீரக நோயாளியின் குருதியிற் கிரியற்றினின் எப்பொழுதும் உயர்ந்தே இருக்கும். கணக்கோ அதனைப் புதிய உறுப்புச் செயலிழப்பாகவே எண்ணும்.

இவ்வினாக்களை நீதிமன்றத்தின் முன் முழுமையாக எழுப்பிய நாடு ஜேர்மனியாகும். நோயுற்றோரையும் குறைபாடுடையோரையும் வாழத்தகாதவர் என வகுத்து நாசி அரசு அழித்த வரலாற்றை அந்நாடு சுமந்து நிற்கின்றது. குறைபாடுடையோர் ஒன்பதுபேர் தொடுத்த முறைப்பாட்டின்மீது, 2021 டிசம்பரில் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறைபாடு காரணமாக எவரும் பாதிக்கப்படலாகாது என்ற அரசியலமைப்பு வாசகத்தின்படி, பற்றாக்குறைவேளையில் அவர்களைக் காக்கும் சட்டத்தை இயற்றுவது சட்டமன்றத்தின் கடமை என அது கூறியது. அதன்படி 2022 நவம்பரில் நிறைவேறிய சட்டம், அண்மைக்காலத்திற் பிழைக்கும் வாய்ப்பு ஒன்றனையே அளவுகோலாக ஏற்றது. ஒருவருக்கு அளித்த சிகிச்சையை இன்னொருவருக்காக நிறுத்துவதையும் தடைசெய்தது. ஆனால், இத்துடன் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. வைத்தியர்கள் தம் தொழிற்சுதந்திரம் பாதிக்கப்படுவதாக முறையிட்டனர். 2025இல் அதே நீதிமன்றம், இத்தகைய விதியை இயற்றும் அதிகாரம் கூட்டாட்சிச் சட்டமன்றத்துக்கு இல்லை எனக் கூறி அப்பிரிவைச் செல்லுபடியற்றதாக்கியது. பாதுகாக்கும் கடமை ஒருபுறமும், அதனை யார் நிறைவேற்றுவது என்ற வினா மறுபுறமுமாக விவகாரம் மீண்டும் திறந்தது.

இதற்கிடையிற் பெருந்தொற்றே புதிய நாட்பட்ட நோயாளரை உருவாக்கியது. தொற்று நீங்கிய பின்னரும் சோர்வு, மூச்சுத்திணறல், சிந்தனைத் தெளிவின்மை என்பவற்றால் மாதக்கணக்கில் துன்புறுவோரின் நிலையை உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்டோபரில் வரையறுத்தது. 1952இற் கொப்பன்ஹேகனில் உயிர்தப்பியோருக்கு நேர்ந்ததே பேரளவில் மீண்டும் நேர்ந்தது. 2020 மார்ச்சில் நலமுடையோர் வரிசையில் நின்று விதிகளை ஏற்றுக்கொண்டவருட் பலர், ஈராண்டு கழியுமுன் அவ்விதிகள் விலக்கக்கூடிய வரிசைக்கு மாறியிருந்தனர். நலமுடையோர், நோயுடையோர் என்ற பிரிவு நிலையானதன்று. ஆகையாற் சிகிச்சைத் தெரிவுக்கான விதிகளை வகுக்கும் அவையில் நாட்பட்ட நோயாளருக்கும் இடமிருத்தல் வேண்டும். அவ்விதிகள் நெருக்கடி வருமுன்னரே, அமைதிக் காலத்தில், பகிரங்கமாக வாதிக்கப்படுதல் வேண்டும். அதைவிட முதன்மையானது தெரிவுக்கு இடமளிக்காத ஏற்பாடாகும். கட்டில்களையும் கருவிகளையும் பயிற்சிபெற்ற கைகளையும் காலத்தோடு பெருக்கிவைத்தலே அவ்வேற்பாடு. கொப்பன்ஹேகன் வைத்தியசாலையில் முறைவைத்து இரவெல்லாம் விழித்திருந்த மாணவர், தம்முன் கிடந்த நோயாளி பிழைத்தபின் நடப்பாரா, எத்தனை ஆண்டு வாழ்வார் என்று கணக்கிட்டுப் பையை அமுக்கவில்லை. அடுத்த மாணவர் வந்து பொறுப்பேற்கும்வரை அவர் மூச்சு நில்லாதிருக்க வேண்டும் என்பதே அவர்களின் வேலையாக இருந்தது.